ஓர்காவைப் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

ஓர்கா வீடியோக்களை முதல் முறை பார்க்கும்போது எல்லோருக்கும் நடப்பதுதான் எனக்கும் நடந்தது. கறுப்பாக ஒரு துடுப்பு எழும்பும், புஸ்ஸென்று ஒரு மூச்சு, வெள்ளைத் திட்டு ஒன்று மின்னும், முடிந்தது. பிரமிப்பு இருக்கும், ஆனால் பார்த்தது என்ன என்று யாராவது கேட்டால் "பெரிய திமிங்கலம்" என்பதைத் தாண்டிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதே அரை நிமிடக் காட்சியை விஷயம் தெரிந்தவர் பார்த்தால், இது ஆணா பெண்ணா, எந்த வகையறா, பசியோடு அலைகிறதா, தூங்குகிறதா என்று ஓரளவு சொல்லிவிடுவார். மந்திரம் ஒன்றும் கிடையாது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். திரையில் பார்ப்பவருக்கும் உதவும், நேரில் கரையில் நின்று பார்க்கப்போகிறவருக்கும் உதவும்.

முதலில் பெயரில் இருக்கும் சிக்கலைத் தீர்த்துவிடலாம். கொலைத் திமிங்கலம் என்கிறோம், ஆனால் ஓர்கா டால்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதாவது நம் மொழியில் சொன்னால் ஓங்கில். ஓங்கில்களிலேயே மிகப் பெரியது. கொலை என்ற சொல்லும் மனிதர்கள் விஷயத்தில் பொருந்தவில்லை: திறந்த கடலில் வாழும் ஓர்கா ஒரு மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை. தொட்டிகளில் அடைத்து வைக்கப்பட்டவை கொன்றிருக்கின்றன, அது வேறு கதை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரியாவிட்டால் மற்றதெல்லாம் குழம்பும். "ஓர்கா என்ன சாப்பிடும்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த ஓர்கா, யார் வீட்டு ஓர்கா என்று கேட்டால்தான் பதில் வரும். ஒரே கடலில், ஒரே நாளில், ஒரு கூட்டம் சால்மன் மீனைத் தவிர வேறெதையும் சீண்டாது, பக்கத்தில் போகும் இன்னொரு கூட்டம் மீனைத் திரும்பியும் பார்க்காமல் கடல்நாயைத் தேடிக்கொண்டிருக்கும்.

துடுப்பிலிருந்து ஆரம்பியுங்கள்

வீடியோவை நிறுத்துங்கள். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். நேராக, கம்பம் நட்டது போல உயர்ந்து நின்றால் வளர்ந்த ஆண். அந்தத் துடுப்பு மட்டுமே 1.8 மீட்டர் வரை போகும், நன்றாக வளர்ந்த ஒரு ஆளின் உயரம். உடல் 6 முதல் 8 மீட்டர், எடை 6 டன்னைத் தாண்டும். துடுப்பு குட்டையாக, பின்பக்கம் அரிவாள் போல வளைந்திருந்தால் பெண்ணாக இருக்கலாம். இருக்கலாம் என்று ஏன் இழுக்கிறேன் என்றால், பையன்களுக்கும் சின்ன வயதில் அதே வடிவம்தான். பதின்ம வயதை எட்டும்போதுதான் ஆணின் துடுப்பு மடமடவென்று வளர ஆரம்பிக்கும், அதுவரை வெளியிலிருந்து பார்த்து அம்மாவா மகனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வயிற்றுப் பக்கத்து வெள்ளைக் குறி தெரிந்தால்தான் முடிவு. அதனால் "தாயும் மகளும்" என்று தலைப்பிட்ட வீடியோக்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

துடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கினால்? தொட்டியில் வளரும் ஆண்களுக்கு அது சாதாரணம், கடலில் அபூர்வம். அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் துடுப்பு சரிந்த இரண்டு ஆண் ஓர்காக்களை எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது. ஒன்றுக்கு இடப்பக்கம் சரிந்திருக்கும், இன்னொன்றுக்கு வலப்பக்கம், அதனால் கப்பல்காரர்கள் இடம் வலம் சொல்லும் வார்த்தைகளையே எடுத்து போர்ட், ஸ்டார்போர்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

துடுப்புக்குப் பின்னால், முதுகின் மேல், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். குதிரைக்குச் சேணம் போட்ட மாதிரி தெரிவதால் அதைச் சேணத் திட்டு என்று சொல்லலாம். கைரேகை மாதிரிதான் அதுவும், ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. இதைப் பயன்படுத்தி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்று 1970களில் காட்டியவர் கனடாவின் கடல் உயிரியலாளர் மைக்கேல் பிக். அதுவரை கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் ஓர்காக்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன என்று நினைத்து, காட்சிசாலைகளுக்காக வலைபோட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிக்கும் கூட்டாளிகளும் எண்ணிப் பார்த்தால் மொத்தமே சில நூறுதான் தேறியது. அதற்குள் அமெரிக்க–கனடா எல்லையை ஒட்டி வாழும் தெற்குக் கூட்டத்திலிருந்து மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தோ சாகடித்தோ ஆகிவிட்டது, அதிலும் பெரும்பாலும் குட்டிகள். அந்தக் கூட்டம் இன்றுவரை தேறவில்லை, எழுபத்துச் சொச்சம்தான் இருக்கின்றன.

குட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். பிறந்த புதிதில் வெள்ளைத் திட்டெல்லாம் வெள்ளையாக இருக்காது, பழுத்த ஆரஞ்சு போல மங்கலாகத் தெரியும். பிறக்கும்போதே இரண்டேகால் இரண்டரை மீட்டர் நீளம், கிட்டத்தட்ட 180 கிலோ. 15 முதல் 18 மாதம் வயிற்றில் சுருண்டு கிடந்ததால் உடம்பில் மடிப்புத் தழும்புகள் ஓடும். அந்த மடிப்புகள் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது பச்சைக்குழந்தை.

எந்த வகையறா?

வட அமெரிக்காவின் மேற்குக் கரையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் உலகத்திலேயே அதிகம் கவனிக்கப்பட்ட ஓர்காக்கள் அங்கேதான். மூன்று சாதி சனம் அங்கே இருக்கிறது. மீன் தின்னும் ரெசிடென்ட், கடல்நாய், கடற்சிங்கம், சின்ன ஓங்கில் என்று பாலூட்டிகளைத் தின்னும் பிக் வகை (மைக்கேல் பிக்கின் நினைவாக வைத்த பெயர்), அப்புறம் கரையை விட்டுத் தள்ளி சுறா மாதிரியான பெரிய மீன்களைத் தேடித் திரியும் ஆஃப்ஷோர். மூன்றும் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை. ரெசிடென்டும் பிக் வகையும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக இனக்கலப்பு இல்லாமல் பிரிந்து கிடக்கின்றன, இரண்டையும் தனித்தனி இனங்களாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2024இல் ஆய்வாளர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள்.

பிரித்துப் பார்ப்பது எப்படி? பெண்களின் துடுப்பு நுனியைப் பாருங்கள். உருண்டையாக முடிந்தால் ரெசிடென்ட், கூராக முடிந்தால் பிக் வகை. சேணத் திட்டுக்குள் கறுப்பு நிறம் சுருள் சுருளாகப் புகுந்திருந்தால் ரெசிடென்டாக இருக்க வாய்ப்பு அதிகம், பிக் வகைக்குத் திட்டு பெரும்பாலும் அடைத்துப் பூசினது போல இருக்கும். இதெல்லாம் தெரியாத தூரத்தில் இருந்தால் நடையை வைத்துச் சொல்லலாம். நாலைந்து பேர் கரையை ஒட்டியே, பாறை இடுக்கெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து நிமிடம் மூழ்கி எதிர்பாராத இடத்தில் எழுந்தால் பிக் வகை. பெரிய கூட்டமாகக் கடல் முழுக்கப் பரவி, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குச் சட்டென்று திரும்பிப் பாய்ந்து மீன் விரட்டினால் ரெசிடென்ட்.

சாப்பாட்டு விஷயத்தில் இவை எவ்வளவு பிடிவாதம் என்பதற்கு ஒரு சம்பவம். 1970இல் கனடாவின் வான்கூவர் தீவின் பெடர் விரிகுடாவில் ஐந்து ஓர்காக்களைப் பிடித்து அடைத்தார்கள். சால்மன் போட்டார்கள், சாப்பிடவில்லை. பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று காத்திருந்தார்கள். இரண்டு மாதத்துக்கும் மேல் பட்டினி கிடந்து ஒன்று செத்தே போனது, அதன் பிறகுதான் மிஞ்சியவை மீனைத் தொட்டன. இவை மீன் தின்னாத வகை என்பதே பிடித்தவர்களுக்கு அப்போது தெரியாது. கண்முன் மீன் இருந்தும் அவற்றுக்கு அது உணவாகவே படவில்லை, வளர்ந்த வீட்டில் யாரும் அதைத் தின்றதில்லை, அவ்வளவுதான். மீன் தின்பவையும் சளைத்தவை இல்லை. சினூக் என்ற பெரிய சால்மன் கிடைத்தால் மற்ற சால்மனை ஒதுக்கும், ஒலியை அனுப்பித் திரும்பும் எதிரொலியை வைத்தே இருட்டு நீரில் இது சினூக்கா இல்லையா என்று பிரித்துவிடும். அந்தச் சினூக் குறைந்துகொண்டே வருவதுதான் தெற்குக் கூட்டத்தின் முதல் தலைவலி.

அண்டார்டிகா வீடியோ என்றால் துடுப்பை விட்டுவிட்டு கண்ணுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் திட்டைப் பாருங்கள், அங்கே அதுதான் துப்பு. திட்டு மிகப் பெரிதாக, உடம்பு கறுப்புக்குப் பதில் சாம்பல் கலந்து, கூடவே லேசாக மஞ்சள் பூத்திருந்தால் பி வகை (ஆங்கில எழுத்து B, மேலே சொன்ன பிக் வகை வேறு). மஞ்சளுக்குக் காரணம் தோலில் படியும் நுண்பாசி. குளிர்ந்த நீரில் தோலை உரிப்பது கஷ்டம் என்பதால் இவை வெதுவெதுப்பான கடலுக்கு ஒரு நடை போய் வருகின்றன என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஒன்றுக்குக் கருவி பொருத்திப் பார்த்தபோது பிரேசில் பக்கம் வரை போய்த் திரும்பி 42 நாளில் 9,400 கிலோமீட்டர் கடந்திருந்தது. தோல் உரிக்க இவ்வளவு தூரமா என்றுதான் எனக்கும் தோன்றியது. திட்டு சின்னதாகச் சாய்ந்திருந்தால் சி வகை, இதுதான் உருவத்தில் சிறியது, மீன் தின்னும். திட்டே கிட்டத்தட்ட இல்லாமல் ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் டி வகை, அதைப் பார்த்தவர் அதிர்ஷ்டசாலி. 1955இல் நியூசிலாந்துக் கரையில் ஒதுங்கிய ஒரு கூட்டத்தின் படங்களில்தான் முதலில் தெரிந்தது, விஞ்ஞானிகள் உயிரோடு நெருங்கிப் பார்த்தது 2019 ஜனவரியில், சிலியின் ஹார்ன் முனைக்கு அப்பால்.

என்ன செய்துகொண்டிருக்கிறது?

இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். நீரை விட்டு எகிறிக் குதித்தால் சந்தோஷம், வாலை அடித்தால் கோபம் என்று நாமே எழுதிவிடுகிறோம். ஒரு அசைவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தலையை நேராக மேலே தூக்கிச் சுற்றிப் பார்த்தால், பார்க்கத்தான் செய்கிறது, நீருக்கு மேலேயும் அதற்குக் கண் நன்றாகத் தெரியும். வாலால் அடிப்பதற்கு இடத்தைப் பொறுத்து அர்த்தம் மாறும். நார்வே கடலில் ஹெர்ரிங் மீன் கூட்டத்தை ஓர்காக்கள் சுற்றி வளைத்து, வெள்ளை வயிற்றைக் காட்டி மிரட்டி, பந்து போல உருட்டி மேலே கொண்டுவந்து, வாலை ஒரு வீசு வீசும். அதில் மயங்கிச் சிதறிய மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். அங்கே வாலடி சமையல் வேலை. வேறு இடத்தில் அதே அடி வெறும் விளையாட்டாக இருக்கலாம்.

அதனால் மூச்சை எண்ணுங்கள், எழும் இடங்களைக் குறியுங்கள், யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் நெருங்கி, தோளோடு தோள் சேர்த்து ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் மூழ்கி, ஆமை வேகத்தில் போனால் கூட்டம் தூங்குகிறது. ஆமாம், நீந்திக்கொண்டேதான். மூச்சு விடுவது இவற்றுக்கு நம்மைப் போலத் தானாக நடக்கும் காரியம் இல்லை, நினைத்து விட வேண்டும், அதனால் மூளையின் ஒரு பாதி தூங்க மறுபாதி விழித்திருக்கும். ஒரே திசையில் சீரான வேகத்தில் போனால் பயணம். ஒரே இடத்தில் வெகுநேரம் சுற்றி, திடீரென்று நீர் தெறித்து, மேலே பறவைகள் கூடி, நீர்ப்பரப்பில் எண்ணெய்ப் படலம் மினுங்கினால், கீழே ஒரு கடல்நாயின் கதை முடிந்திருக்கிறது.

வேட்டையை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிடலாம், அது ஒரு நல்ல பயிற்சி. அலையோடு மணலுக்கே ஏறி வந்து கடற்சிங்கக் குட்டியைக் கவ்விக்கொண்டு உடம்பை உதறி உதறிப் பின்வாங்கினால், பெரும்பாலும் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பம். சிக்கினால் கரையிலேயே செத்துப்போகும் ஆபத்து உள்ள வேலை, பெரியவர்கள் செய்வதைப் பல வருடம் கூடவே இருந்து பார்த்துத்தான் சின்னவை கற்கின்றன. ஆழமில்லாத நீரில் தரையைக் கிளறித் திருக்கையைத் தூக்கினால் நியூசிலாந்து. மிதக்கும் பனித்தட்டில் கடல்நாய் படுத்திருக்க, மூன்று நான்கு ஓர்காக்கள் முதலில் தலையைத் தூக்கி என்ன வகை என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் விலகிப் போய், வரிசையாகச் சேர்ந்து பனிக்கு அடியில் பாய்ந்து வந்து எழுப்பும் அலையில் கடல்நாயைக் கழுவி நீரில் தள்ளினால் அது அண்டார்டிகாவின் பி வகை. ஒரே அலையில் விழாவிட்டால் சலிக்காமல் திரும்பவும் எழுப்பும். பார்க்கும்போது வயிறு பிசையும், ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

போர்ட், ஸ்டார்போர்டு இரண்டும் சுறாக்காரர்கள். 2015இலிருந்தே தென்னாப்பிரிக்காவில் ஈரல் மட்டும் காணாமல் போன சுறா உடல்கள் கிடைக்க ஆரம்பித்தன, 2017இல் வெள்ளைச் சுறாக்களும் அதே நிலையில் கரை ஒதுங்கின. கொழுப்பு மிகுந்த ஈரலை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விட்டுவிடுகின்றன. 2023இல் ஸ்டார்போர்டு தனியாளாக ஒரு இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தது பதிவாகியிருக்கிறது. இவை வந்தால் வெள்ளைச் சுறாக்கள் அந்தப் பகுதியையே காலி செய்துகொண்டு கிளம்பிவிடுகின்றன.

அந்தப் பெரிய துடுப்புக்காரர் தலைவர் இல்லை

கூட்டத்தில் உயரமான துடுப்போடு ஒரு ஆண் வந்தால் அதுதான் தலைவன் என்று வீடியோவில் குரல் கொடுப்பவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நம்பாதீர்கள். அவர் பக்கத்தில் யார் நீந்துகிறார்கள் என்று பாருங்கள், வளைந்த துடுப்போடு சற்றுச் சிறியதாக ஒன்று இருக்கும். அது அவர் அம்மா. ரெசிடென்ட் ஓர்காக்களில் மகனும் மகளும் சாகும்வரை தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. ஆண் வேறு கூட்டத்துப் பெண்களோடு கூடிவிட்டு மறுபடி அம்மாவிடமே திரும்பிவிடுவார். முப்பது வயது, 6 டன் எடை, ஆனாலும் அச்சு அசல் அம்மா பிள்ளை. அம்மா பிடித்த சால்மனைக் கடித்து இவருக்குப் பங்கு கொடுப்பார். இது வெறும் பாசக் கதை இல்லை, உயிர்ப் பிரச்சினை: முப்பது தாண்டிய ஆணின் தாய் இறந்துபோனால், அடுத்த ஒரு வருடத்தில் அவர் சாகும் வாய்ப்பு 14 மடங்கு கூடுகிறது என்று 2012இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மகளுக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. மகனைப் போஷித்துப் போஷித்தே தாய்க்கு அடுத்த குட்டி போடும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது என்று பின்னால் வந்த ஆய்வும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கதை மாதிரி இல்லை?

பெண்ணுக்கு நாற்பது வயதுவாக்கில் பிள்ளைப்பேறு நின்றுவிடும், ஆனால் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் வாழும், எண்பதைத் தொட்டவையும் உண்டு. இந்தப் பாட்டிகளுக்கு என்ன வேலை? சால்மன் வரத்து மோசமான வருடங்களில் கூட்டத்துக்கு முன்னால் போய் வழிகாட்டுவது இவர்கள்தான். எந்த மாதத்தில் எந்த ஆற்று முகத்தில் மீன் வரும் என்ற அனுபவம் அந்தத் தலைக்குள்தான் இருக்கிறது. அதனால் கூட்டம் பயணத்தில் இருக்கும் வீடியோ கிடைத்தால் முதலில் எழும் துடுப்பைக் கவனியுங்கள்.

தெற்குக் கூட்டத்தில் ஜே 35 என்ற எண் கொண்ட தாலெக்வா என்ற தாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018 ஜூலையில் அவளுக்குப் பிறந்த குட்டி அரைமணி நேரம்தான் உயிரோடு இருந்தது. அந்தச் சடலத்தை மூக்கில் தாங்கி, நழுவினால் மூழ்கிப் போய் எடுத்து, 17 நாள் சுமந்தாள், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். 2020இல் நல்லபடியாக ஒரு ஆண் குட்டி பிறந்தது. 2025 புத்தாண்டு வாக்கில் மறுபடி ஒரு குட்டி இறந்து, மறுபடி சுமந்தாள். துக்கம் என்ற சொல்லை விலங்குகளுக்குப் போடத் தயங்குபவர்கள் இதைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

காதையும் பழக்குங்கள்

பார்ப்பது பாதிதான். தண்ணீருக்கடியில் வைத்த ஹைட்ரோபோன் ஒலியை இணையத்தில் நேரலையாகக் கேட்கலாம், ஆர்காசவுண்ட் என்று தேடினால் வாஷிங்டன் மாநிலக் கடல் கிடைக்கும். பெரும்பாலான நேரம் இரைச்சலும் கப்பல் உறுமலும்தான், பொறுமை வேண்டும். மூன்று வகை ஒலிகளைப் பிரிக்கப் பழகுங்கள். டிக் டிக்கென்று தொடங்கி, வேகம் கூடிக் கூடிக் கடைசியில் சீலை கிழிப்பது போல ஆகும் கிளிக் ஒலி, இரை தேடுவதற்கானது. மெல்லிய சீட்டி, பக்கத்தில் இருப்பவர்களோடு பேச்சு. துருப்பிடித்த கதவைத் திறப்பது போல நீட்டி முழக்கும் அழைப்பு, இதுதான் குடும்பத்தின் முத்திரை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்த அழைப்புகளில் தனி வழக்கு உண்டு, நம் வட்டார வழக்கு மாதிரியே, குட்டி அதை அம்மாவிடமிருந்து கற்கிறது. பழகிய காதுக்கு, தெற்குக் கூட்டத்தின் உட்பிரிவுகளில் ஜே கூட்டமா எல் கூட்டமா என்று ஒலியிலேயே தெரிந்துவிடும்.

பிக் வகை மட்டும் வாயைத் திறக்காது. கடல்நாய்க்கும் ஓங்கிலுக்கும் காது கூர்மை, சத்தம் போட்டால் இரை ஓடிவிடும். வேட்டை முடிந்து சாப்பாடு தொடங்கியதும் பாருங்கள், அதுவரை அடக்கிவைத்த அரட்டை எல்லாம் கொட்டும்.

ஃபேஷன் வந்து போகும்

சில நடத்தைக்கு அர்த்தம் தேடவே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் தெற்குக் கூட்டத்தில் ஒரு பெண் ஓர்கா செத்த சால்மனைத் தலையில் வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தாள். சில வாரத்தில் பக்கத்துக் கூட்டங்களிலும் அதே தொப்பி. அப்புறம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் 2020இலிருந்து ஓர்காக்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானை உடைப்பதையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சில படகுகள் மூழ்கியும் போயின. பழிவாங்கல் என்று செய்திகள் வந்தன, அது தலைப்புக்கு நன்றாக இருக்கும், ஆனால் இதை அருகிலிருந்து பார்க்கும் ஆய்வாளர்கள் பலர் விளையாட்டு என்றே நினைக்கிறார்கள், அதிகம் செய்பவை இளவட்டங்கள். உடைத்த பிறகு படகில் இருப்பவர்களை அவை சீண்டுவதில்லை. சூரை மீனைத் தின்று வாழும் இந்த ஐபீரியக் கூட்டத்தில் நாற்பதுக்கும் குறைவாகத்தான் எண்ணியிருந்தார்கள், அழிவின் விளிம்பில் உள்ளவை. அந்தக் கடலில் படகோட்டுபவருக்கு ஸ்பெயின் அரசு சொன்ன யோசனை: கரையை ஒட்டி ஓட்டுங்கள், ஓர்கா வந்தால் நிற்காமல் ஆழம் குறைந்த பக்கமாகப் போய்க்கொண்டே இருங்கள்.

நேரில் பார்க்கப் போனால்

படகு வேண்டாம், கரையே மேல் என்பேன். இது கொஞ்சம் பிடிவாதமான கருத்துதான், ஆனால் காரணம் இருக்கிறது. இவை காதால் வேட்டையாடுபவை, என்ஜின் சத்தம் நமக்குப் புகை மாதிரி அவற்றுக்கு. படகுகள் சுமார் 365 மீட்டருக்குள் வந்தால் தெற்குக் கூட்டத்துப் பெண்கள் இரை தேடுவதையே விட்டுவிடும் போக்கு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஏற்கெனவே அரைப்பட்டினி, அதில் பிள்ளைக்குப் பால் கொடுப்பவளின் வேட்டையைக் கெடுத்து நாம் படம் எடுக்க வேண்டுமா? வாஷிங்டன் மாநிலத்தில் 2025 ஜனவரியிலிருந்து இந்தக் கூட்டத்தை 1,000 கெஜத்துக்குள், அதாவது 900 மீட்டர் சொச்சத்துக்குள், படகில் நெருங்குவதே சட்டவிரோதம்.

கரை என்றால் அதே வாஷிங்டன் மாநிலத்தில் சான் வான் தீவின் லைம் கில்ன் முனை நல்ல இடம், கோடையில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தால் சிலசமயம் மூச்சுச் சத்தமே கேட்கும் தூரத்தில் போகும். தெற்குக் கூட்டம் முன்பு போல் அடிக்கடி வருவதில்லை, அதற்குப் பதில் பிக் வகை அதிகம் தெரிகிறது, கடல்நாய்கள் பெருகியதால். வால்டெஸ் தீபகற்பத்தின் புன்டா நோர்ட்டேயில் மார்ச், ஏப்ரல் வாக்கில் மேட்டிலிருந்து பார்க்கலாம். நார்வேயின் வடக்கில் ஹெர்ரிங் வரும் குளிர்காலத்தில் படகில்தான் போயாக வேண்டும், போனால் பின்னால் துரத்தாத, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் ஆளைத் தேடுங்கள். முன்பதிவு செய்வதற்கு முன்பே "எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

படம் எடுக்கும்போது எல்லோரும் முகத்துக்கு அலைவார்கள். நீங்கள் துடுப்பையும் சேணத் திட்டையும் பக்கவாட்டில், நேராக எடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் வேண்டும், ஏனென்றால் திட்டு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறையாமல் வைத்துத் தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளுங்கள், எழும்பும் அந்த ஒரு நொடியில் எது நன்றாக விழுந்தது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேதி, நேரம், இடம் குறித்துவைத்து அந்தப் பகுதியில் ஓர்காக்களை அடையாளம் காணும் குழுவுக்கோ, ஹேப்பிவேல் மாதிரியான தளத்துக்கோ அனுப்புங்கள். மங்கலாக இருக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். துடுப்பின் பின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு தெரிந்தாலே போதும், அது யாருடைய மகன் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.